பழைய சர்வருக்குப் புதிய வட்டு



பண்ருட்டி என்றதும் உங்களுக்குப் பலாவும் முந்திரியும் நினைவுக்கு வரும். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் கடலூர் மாவட்டத்தைத் தாக்கியபோது, எங்கள் பகுதியின் பலா மரங்களும் முந்திரி மரங்களும் வேரோடு சாய்ந்தன. சாய்ந்த மரத்திற்கு ஈடாகக் கன்று நடலாம்; ஆண்டுகள் பல சென்றாலும் அது காய்க்கும். ஆனால், கணினி வட்டில் எழுதிய கணக்கு, படியெடுத்து வைக்காத நிலையில் அழிந்துபோனால், அதற்குக் கன்று கிடையாது. பழைய சர்வரில் ஸ்கஸி வட்டுகளைச் சேர்க்கும் முறையைக் கூற வந்த நான் இதனை முதலிற் கூறுவதற்குக் காரணம் உண்டு. புதிய வட்டைச் சேர்ப்போர் இழப்பது பெரும்பாலும் புதியதை அன்று. பழைய வட்டிலுள்ள செய்திகளையே.

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்புக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே தாங்கின. வட்டுகள் சிறுத்துப் பெருகிய பின்னர், பலவற்றை ஒரே கேபிளில் இணைக்கப் பொதுமுறை ஒன்று தேவைப்பட்டது. அதுவே 1986-இல் அமெரிக்கத் தர அமைப்பு ஏற்றுக்கொண்ட ஸ்கஸி முறை.

அந்தக் கேபிளை ஒரு தெரு என்று வைத்துக்கொள்வோம். தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டிற்கும் தனி எண் வேண்டுமன்றோ? பழைய குறுகிய கேபிளில் 0 முதல் 7 வரை எட்டு எண்கள். அகன்ற கேபிளில் 15 வரை பதினாறு. 7 என்னும் எண்ணுக்கே முதலுரிமை. ஆதலின் அதனைக் கட்டுப்பாட்டு அட்டைக்கு ஒதுக்குவது வழக்கம். இரு வட்டுகளுக்கு ஒரே எண் அமைந்தால் இரண்டும் குழம்பும். சில வட்டுகளில் ஜம்பரால் எண் அமைக்க வேண்டும். 80 முனை வட்டுகளுக்கோ, செருகும் இடமே எண்ணைத் தந்துவிடும்.

இரண்டாவது, தெருவின் இரு முனைகள். கிணற்றிற்குள் குரல் கொடுத்தால் எதிரொலி எழுகிறது. அவ்வாறே கேபிளின் முனையை அடைந்த மின்குறி திரும்பி வந்து, அடுத்த குறியைக் கெடுக்கும். அதனை விழுங்குவதற்கே டெர்மினேட்டர். அது இரு முனைகளிலும் இருத்தல் வேண்டும். நடுவில் இருத்தல் கூடாது.

மூன்றாவது, மின்னழுத்த வகை. எல்.வி.டி. வட்டுகளின் நடுவே பழைய ஒற்றைமுனை வட்டொன்றைச் சேர்த்தால், தெரு முழுவதும் அதன் மெதுவான நடைக்கு இறங்கிவிடும். உயர் மின்னழுத்த வகையைச் சேர்த்தாலோ கருவிகள் பழுதாகலாம். சுழலத் தொடங்கும் வேளையில் வட்டு மிகுதியான மின்சாரம் கொள்ளும் என்பதையும் மறத்தலாகாது. ஆகவே, பல வட்டுகள் உள்ள இடத்தில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலவிடும் அமைப்பைப் பயன்படுத்துவர்.

இனி, மிகவும் கருத வேண்டிய இடத்திற்கு வருகிறேன். லினக்ஸ் போன்ற அமைப்புகள் வட்டுகளைக் காணும் வரிசையில் பெயரிடுகின்றன. பழைய வட்டின் எண் 2 ஆக இருக்க, புதியதற்கு 0 எனக் கொடுத்தால், முதல் வட்டின் பெயர் புதியதற்குப் போய்விடலாம். பழைய பெயரை நம்பி வடிவமைப்புக் கட்டளை இடுவோர், தம் கணக்கைத் தாமே அழிப்பர். ஆகவே பழையனவற்றிற்கு அடுத்த எண்ணையே புதியதற்குத் தருக. வட்டின் வரிசை எண்ணையும் கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கட்டளையிடுக. ரெய்டு அமைப்பு இருக்கிறதே என்று வாளாவிருத்தலும் தகாது. ஒரு வட்டு கெட்டால் அது காக்கும். தவறான கட்டளையினின்று காக்காது. எனவே முதலில் வேறிடத்தில் ஒரு படி எடுத்து, அதனைத் திறந்து படிக்க முடிகிறதா என்றும் பார்த்துவிடுக. மூடியிலே கை வைப்பது அதன் பின்னரே.

இம்முறை பழையதாயிற்றே, இதைக் கற்பதால் என்ன பயன் என்று நீங்கள் வினவலாம். அகன்ற கேபிளின் காலம் முடிந்தது. அதன் மொழியோ வாழ்கிறது. உங்கள் சட்டைப் பையிலுள்ள பென் டிரைவ் கணினியோடு உரையாடுவதும் பெரும்பாலும் ஸ்கஸி கட்டளைகளாலேதான்.