பாலை மறுத்த பாம்புக் குட்டி

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், உத்திரமேரூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்து வீடு அமளிப்பட்டது. காரணம், ஒரு சாண் நீளங்கூட இல்லாத ஒரு பாம்புக் குட்டி.

என் தமக்கையின் பிள்ளை அதை எங்கிருந்தோ பிடித்து, ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, மூடியில் துளைகள் செய்து, நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். பையன் தர்மவான். ஜாடிக்குள் கொட்டாங்கச்சியில் பசும்பாலும் வைத்திருக்கிறான். பாம்புக் குட்டி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் வெட்டுக்கிளி. அதற்கு மறுநாள், தன் பங்குக்குக் கிடைத்த அவித்த முட்டையில் ஒரு துண்டு. ஒன்றும் பலிக்கவில்லை. நான்காம் நாள், அது செத்துப் போய்விடுமோ என்ற பயத்தில் அழுதுகொண்டே பாட்டியிடம் வந்து உண்மையைச் சொல்லிவிட்டான்.

பாட்டி ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள். கறுத்த உடம்பில் வெள்ளைக் கட்டுகள். "ஐயையோ, கட்டு விரியன்!" என்று அலறித் தடியைத் தேடினாள்.

நல்ல வேளையாக, எங்கள் வயல் வரப்பில் எலி வளை தோண்ட வந்திருந்த இருளர் பெரியவர் அந்தச் சத்தம் கேட்டு வந்தார். ஜாடியை வெளிச்சத்தில் தூக்கி ஒரு முறை திருப்பினார்.

"கட்டு விரியன் இல்லீங்க அம்மா. வெள்ளிக்கோல் வரையன். விஷம் கிடையாது. பல்லி தின்னும்."

"நாலு நாளாய் ஒன்றுமே சாப்பிடவில்லையே, தாத்தா! அதற்குப் பசிக்காதா?" என்றான் பையன்.

"பசிக்காம என்ன, தம்பி? பயம் பசியை முழுங்கிடுச்சு."

இந்த இடத்தில் நேயர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வெள்ளிக்கோல் வரையனுக்குக் கட்டுகள் கழுத்திலேயே ஆரம்பித்து, வாலை நோக்கிப் போகப் போக மங்கிவிடும். கட்டு விரியனுக்கோ தலையிலிருந்து சற்றுத் தள்ளி ஆரம்பித்து, வால்வரை தெளிவாக இருக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் பரீட்சை செய்து பார்க்க இறங்க வேண்டாம். கட்டு விரியன் கடித்தால் வலிகூடத் தெரியாமல் உயிர் போய்விடலாம். பெரியவருக்கு அந்த வித்தை பரம்பரையாக வந்தது. ஒரு காலத்தில் இருளர்கள் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1970-களில் சட்டம் அந்த வியாபாரத்தை நிறுத்தியது. பிறகு 1978-ம் வருஷத்தில் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. இப்போது பாம்பைப் பிடித்து, மண் பானையில் வைத்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷம் பாம்புக் கடிக்கு மருந்து செய்ய உதவுகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவர் 2017-ல் அமெரிக்காவின் ப்ளோரிடாவுக்கே போய் மலைப் பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் பத்மஸ்ரீ பட்டமும் பெற்றார்கள்.

இனிப் பால் விஷயத்துக்கு வருவோம்.

பாம்பு பால் குடிக்கும் என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. ஆடி மாதத்தில் புற்றுக்குப் பால் வார்க்கிறோம். சாரைப் பாம்பு இரவில் மாட்டுக் கொட்டிலுக்கு வந்து, பசுவின் காலைச் சுற்றிக்கொண்டு மடியில் வாய் வைக்கிறது என்று சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. பாம்புக்கு உறிஞ்சுவதற்கு உதடு இல்லை. அதன் பற்களோ ஊசி போன்றவை, உள்நோக்கி வளைந்தவை. அந்த வாய் மடியில் பட்டால் எந்தப் பசுதான் சும்மா நிற்கும்?

இந்த அபவாதம் நம் சாரைக்கு மட்டும் ஏற்பட்டதல்ல. அமெரிக்காவில் சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாக வளையம் போட்ட ஒரு சாதுப் பாம்பு இருக்கிறது. மாட்டுக் கொட்டில்களில் அடிக்கடி தென்பட்டதால் அந்த ஊர்க் குடியானவர்களும் அது பால் திருடுகிறது என்றே நினைத்து, 'மில்க் ஸ்நேக்', அதாவது பாற்பாம்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் அது கொட்டிலுக்கு வருவது எலியைத் தேடித்தான். நம் வெள்ளிக்கோல் வரையன் கட்டு விரியனைப் போல வேஷம் போடுவதைப் போலவே, பாற்பாம்பில் பல வகை, விஷமுள்ள பவளப் பாம்பைப் போல வேஷம் போடுகிறது. வேஷத்தினாலேயே இரண்டும் மனிதன் கையில் அடிபட்டுச் சாகின்றன.

மேல் நாடுகளில் பாற்பாம்பை வீட்டில் வைத்து வளர்ப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வரும் பெரிய கஷ்டம் எங்கள் பையனுக்கு வந்த அதே கஷ்டந்தான். முட்டையிலிருந்து வெளிவந்த குட்டி, ஒன்றிரண்டு வாரத்தில் முதல் சட்டையை உரிக்கிறது. அதுவரை வயிற்றில் மிஞ்சியிருக்கும் மஞ்சள் கருவே அதற்குப் போதும். பிறகு, கண் திறவாத, ரோமம் முளைக்காத சுண்டெலிக் குஞ்சு ஒன்றை முன்னால் வைக்கிறார்கள். சில குட்டிகள் உடனே விழுங்கிவிடும். சில, நாக்கை ஒரு முறை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

அந்த நாக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. பாம்பு தன் பிளந்த நாக்கினால் காற்றிலும் தரையிலும் உள்ள வாசனையை ஒற்றி எடுத்து, மேல் அண்ணத்தில் உள்ள ஒரு தனிப் பொறிக்குக் கொடுக்கிறது. இது ஆகாரமா அல்லவா என்று தீர்மானிப்பது அந்தப் பொறி. காட்டில் பிறக்கும் பாற்பாம்புக் குட்டிக்குப் பெரும்பாலும் ஆகாரம் சிறு பல்லி வகைகள்தாம். எலி வாசனை அதற்குச் சாப்பாட்டு வாசனையே அல்ல. நம் குழந்தைகளின் முன்னால் வைக்கோலை வைத்துவிட்டு, "ஏன் சாப்பிடவில்லை?" என்று கேட்பது போலத்தான்!

ஆகையால் அநுபவசாலிகள் முதலில் செய்வது, ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். குட்டியைச் சிறிய பெட்டியில், ஒளிந்துகொள்ள இடம் கொடுத்து, தண்ணீரும் இதமான சூடும் வைத்து, கையால் தொடாமல் சில நாள் விட்டுவிடுகிறார்கள். மாலையில் இரையை வைத்து, விளக்கை அணைத்து, விடியும்வரை எட்டிப் பார்ப்பதில்லை. (எங்கள் பையன் மணிக்கு நாலு தடவை எட்டிப் பார்த்திருக்கிறான்.) அப்படியும் தொடவில்லையானால், எலிக் குஞ்சைத் தண்ணீரில் கழுவி, ஒரு பல்லியின் மேல் தேய்த்து வைக்கிறார்கள். எலி பல்லியாகிவிடுகிறது! பல குட்டிகள் இந்தத் தந்திரத்தில் ஏமாந்து சாப்பிடுகின்றன. வாரந்தோறும் பல்லி வாசனையைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்தால், கடைசியில் வெறும் எலியையே ஏற்றுக்கொள்கின்றன. இதற்கும் மசியாதவற்றைக் குளிர்காலம் முழுவதும் குளிர்ந்த இடத்தில் உறங்க விடுவதும் உண்டு. வாயைப் பிளந்து இரையைத் திணிப்பது கடைசி வழி. அதில் தாடை காயப்படும். தின்றதைக் கக்கிவிட்டு, குட்டி முன்னிலும் மெலியும்.

நம் நாட்டில் இந்தப் பிடிவாதத்துக்கு அரசன் ராஜநாகம். அதன் ஆகாரம் பெரும்பாலும் மற்றப் பாம்புகளே. மிருகக்காட்சிச் சாலைகளில் தினந்தோறும் பாம்புக்கு எங்கே போவது? அங்கேயும் எலியின் மேல் பாம்பின் வாசனையைத் தடவி ஏமாற்றித்தான் பழக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் பாம்பாட்டியின் நல்ல பாம்பு பால் குடிப்பதை நம் கண்ணாலேயே பார்த்திருக்கிறோமே என்று கேட்கலாம். வாஸ்தவம். பண்டிகைக்கு முன் பல நாள் அதற்கு ஜலமே காட்டுவதில்லை. தாகத்தில் தவிக்கும் பிராணி எந்தத் திரவத்தை வைத்தாலும் குடிக்கத்தான் செய்யும். அந்தப் பால் அதற்கு ஜீரணமாவதில்லை. பல்லைப் பிடுங்கி, வாயைத் தைத்த புண்ணும் சேர்ந்துகொள்ள, பண்டிகை முடிந்த சில நாளில் எத்தனையோ பாம்புகள் செத்துப் போகின்றன. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வைத்திருப்பதே குற்றம்.

சட்டம் என்றதும் பையன் முகம் வெளுத்தது. "போலீஸ் வருமா, மாமா?" என்றான். பெரியவர் சிரித்தார்.

அன்று சாயங்காலம், கொல்லையில் இடிந்த பழைய மதிலின் அடியில் ஜாடியைப் படுக்க வைத்து, மூடியைத் திறந்துவிட்டு வந்தார். அந்த மதிலில் பல்லிகளுக்குக் குறைவில்லை. பாட்டிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த நாகம் வெறும் வயிற்றோடு போகலாமா என்று, ஒரு கிண்ணத்தில் பாலைக் காய்ச்சி ஆற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பொழுது விடிந்ததும் பையன் ஓடிப்போய்ப் பார்த்தான். ஜாடி காலி. கிண்ணமும் காலிதான். பாட்டி மகிழ்ச்சியோடு என்னைப் பார்த்தாள். மதில்மேல் எங்கள் வீட்டுப் பூனை உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டிருந்தது.