கத்தியும் திறவுகோலும்

லேக் மார்க்கெட்டை அடுத்து வசிக்கும் நமது சங்க அன்பர் ஒருவர் இல்லத்துக்குச் சென்ற மாதம் போயிருந்தோம். காப்பி வந்தது, அதன் பின்னாலேயே ஒரு கத்தியும் வந்தது. கல்லூரியில் வாசிக்கும் அவருடைய குமாரன் இணையத்தின் மூலம் தருவித்தது. முதுகிலே ரம்பப் பல். பிடியின் அடியிலே கண்ணாடி உடைக்கும் கூர்முனை. "படாபஜார் ஹோட்டல் தீக்குப் பிறகு அம்மாவுக்குச் சரியான தூக்கமே இல்லை, மாமா. இது கையிலிருந்தால் எப்படியும் வெளியே வந்துவிடலாம்" என்றான் பையன். அவனுக்கு நாம் சொன்ன பதிலை அன்பர் யாவரும் அறிவது நலமென்று இங்கே எழுதுகிறோம்.

இத்தகைய கத்தி ஆதியில் விமானிகளுக்காக ஏற்பட்டது. அமெரிக்க ராணுவ விமானிகள் வைத்திருந்த ஐந்து அங்குலக் கத்தியின் முதுகில் ரம்பப் பல் வைத்தது, விழுந்த விமானத்தின் மெல்லிய அலுமினியத் தகட்டை அறுத்து வெளிவருவதற்காகவே. நமது வீடுகளோ அலுமினியத் தகட்டால் ஆனவை அல்ல.

கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, அலகு பிடியோடு நிலையாகப் பொருந்திய கத்தி. உறுதியானது, கயிறு, திரைச்சீலை முதலியவற்றை எளிதில் அறுக்கும். இரண்டாவது மடக்குக் கத்தி. சட்டைப் பையில் அடங்கும். ஆனால் மடங்கும் மூட்டே அதன் பலவீனம். அலகை நிறுத்தும் பூட்டு இல்லாவிடில் நமது விரலின் மீதே மடங்கும். மூன்றாவது, கொக்கி போன்ற வார் அறுப்பானும் கண்ணாடி உடைக்கும் முனையும் சேர்ந்த சிறு கருவி. மோட்டாரில் போகிறவர்களுக்கு இதுவே உத்தமம். உடம்பை ஒட்டிக் கிடக்கும் வாரைத் திறந்த அலகால் அறுக்கப் போனால் உடம்பும் அறுபடுமல்லவா?

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2019இல் அமெரிக்க மோட்டார் சங்கம் இத்தகைய 6 கருவிகளைச் சோதித்தது. பதப்படுத்திய கண்ணாடியை 4 கருவிகள் உடைத்தன. நடுவே மெல்லிய படலம் வைத்து ஒட்டிய கண்ணாடியை ஒன்றுகூடத் துளைக்கவில்லை.

நமது உத்தியோகம் ரயில்வேயில். ஆகவே ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஜூன் 2ஆம் தேதி, நாம் ஊருக்குப் போகும் அதே கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிஸாவில் பாஹாநாகா பஜார் நிலையத்தில் விபத்துக்குள்ளாயிற்று. நசுங்கிய பெட்டிகளைத் திறக்க எரிவாயு வெட்டுக் கருவிகள் வேண்டியிருந்தன. அங்கே எந்தக் கத்தியால் என்ன ஆகும்? ஏறி உட்கார்ந்ததும் அவசர ஜன்னல் எது, அதை எப்படித் திறப்பது என்று பார்த்து வைப்பதே பிரயாணிக்கு உதவும்.

இனி கல்கத்தாவுக்கு வருவோம். 2010 மார்ச் 23, பார்க் ஸ்ட்ரீட் ஸ்டீபன் கோர்ட் தீயில் 43 பேர் மாண்டனர். மாடிக்கு ஓடியவர்களைப் பூட்டிய கதவு தடுத்தது. 2011 டிசம்பர் 9, டாக்குரியா ஆம்ரி மருத்துவமனையில் நிலவறையில் பிடித்த தீயின் புகை மேல் தளங்களில் நிரம்பிச் சுமார் 90 உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2025 ஏப்ரல் 29, படாபஜார் ஹோட்டலில் மாண்ட 14 பேரில் ஒரு பாட்டனாரும் இரு பேரக் குழந்தைகளும் நமது கரூர்ப் பக்கத்தவர். இம்மூன்றிலும் நெருப்பைவிடப் புகையும், அடைபட்ட வழியுமே பெரும் எமனாக நின்றன. இரும்புக் கிராதியையும் பூட்டையும் செங்கல்லையும் அறுக்கும் கத்தி எதுவும் இல்லை.

பிறருக்குச் சொல்லுமுன் நம்மையே சோதித்தோம். நமது வீட்டு வாசலில் இரவு தோறும் கொலாப்ஸிபிள் கேட்டைப் பூட்டிச் சாவியை அலமாரியில் வைப்பது பல வருஷ வழக்கம். ஒரு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, குழந்தைகளோடு வெளியே வர முயன்றோம். சாவியைத் தேடித் திறக்க நாலு நிமிஷம் ஆயிற்று! புகை நாலு நிமிஷம் பொறுக்குமா? வீட்டில் நம் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நம்மையே பார்த்தபடி நின்றாள். மறுநாளே, வெளியிலிருந்து கை எட்டாத இடத்தில், கேட்டருகே ஓர் ஆணி அடித்துச் சாவியை மாட்டினோம். எட்டு வயதுப் பெரியவனும் இப்போது இருட்டில் அதைத் திறப்பான். புகை சூழ்ந்தால் தவழ்ந்து வரவும் பழக்கியிருக்கிறோம்.

அன்பர் மகனிடம் இதையெல்லாம் சொன்னோம். பையன் சிறிது நேரம் மௌனமாயிருந்தான். பிறகு கத்தியை உறையிலிட்டுவிட்டு, "அம்மா, நம்ம கேட் சாவி எங்கே?" என்று கேட்டான். அம்மாளுக்கு உடனே சொல்லத் தெரியவில்லை.

அன்பர்களே, கத்தி வாங்குவதை நாம் தடுக்கவில்லை. இன்றிரவு படுக்குமுன் அதே கேள்வியை உங்கள் வீட்டிலும் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.