வாடைக் காற்றும் வீட்டு ஆடுகளும்

மன்னார்த் தீவிலும் கரையோரக் கிராமங்களிலும் வீட்டு ஆட்டைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் நீங்கள்தான். ஆண்கள் விற்கும் நாளில் விலை பேச வருவார்கள்.

2022 டிசம்பரில், மாண்டஸ் புயலையொட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. அத்தகைய குளிர் எப்போதாவதுதான் வரும். மாரி ஈரமும் வாடையும் வருடாவருடம் வரும். ஆடுகளின் சுவாச நோயும் கூடவே வரும்.

அசை போடாமல் ஒதுங்கி நிற்கும் ஆட்டைக் கவனியுங்கள். மூக்கில் சளி, இருமல் இருக்கிறதா? அது படுத்திருக்கும்போது விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை வழக்கமானது. வெயிலில் மேய்ந்து வந்த உடனே எண்ணினால் கணக்குப் பிழைக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அன்றே அரசாங்கக் கால்நடை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

போத்தலில் கஷாயம் எடுத்து, ஆட்டின் தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கஷாயம் வழி தவறி நுரையீரலுக்குள் போனால், இல்லாத நிமோனியாவும் உண்டாகும்.

குளிருக்குப் பயந்து கொட்டிலை நாற்புறமும் சாக்கால் மூடுவதும் தவறு. உள்ளே குந்தி, ஆட்டின் மூக்கு உயரத்தில் மணந்து பாருங்கள். மூத்திர நெடியில் உங்கள் கண் கரித்தால், இரவு முழுதும் அதைச் சுவாசிக்கும் ஆட்டின் நெஞ்சு என்ன பாடுபடும்? வாடை வரும் பக்கத்தை மட்டும் கிடுகால் அடைத்து, கூரையடியில் இடைவெளி விடுங்கள். தரை காய்ந்திருக்கட்டும்.

வைத்தியர் ஊசி போட்டால், எத்தனை நாள் பாலையும் இறைச்சியையும் தவிர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நோய் வெளிப்படையாகத் தெரியும் ஆடு உழ்ஹிய்யாவுக்கும் செல்லாது. குணமாகும்வரை அதைத் தனியாகக் கட்டுங்கள். தண்ணீர்ச் சட்டியும் வேறாக இருக்கட்டும்.