‘பி’யை விட்டு நகராத கியர்

ஆட்டோமேட்டிக் காரின் கியர் லீவர் ‘பி’ என்ற நிறுத்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் பலருக்கும் முதலில் கியர்பாக்ஸ் மேல்தான் சந்தேகம் வரும். பெரிய செலவு வந்துவிட்டது என்ற பதற்றத்தில் லீவரைப் பிடித்து உலுக்குவார்கள். உண்மையில், பெரும்பாலான சமயங்களில் கியர்பாக்ஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கோளாறு பிரேக் மிதியின் தண்டுக்கு மேலே, கண்ணில் படாத இடத்தில் இருக்கும் ஒரு சின்ன சுவிட்சில் இருக்கும். காலை பிரேக்கில் வைத்ததும் அந்த சுவிட்ச் வழியாக மின்சாரம் பாய்ந்து பின்பக்கத்து பிரேக் விளக்குகளை எரியவைக்கிறது. பிரேக் மிதிபட்டது என்ற அதே செய்தி லீவரின் அடியிலுள்ள மின்காந்தப் பூட்டுக்கும் போனால்தான் பூட்டு விலகும், லீவர் நகரும். ஆகவே லீவர் சிக்கிய கார் பல நேரங்களில் பிரேக் விளக்கு எரியாத கார். அப்படிப்பட்ட காரை எப்படியாவது நகர்த்தி ஓட்டிப் போவதைவிட, அது நின்ற இடத்திலேயே நிற்பது எல்லோருக்கும் நல்லது.

இதைச் சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பிரேக்கை நன்றாக அழுத்திக்கொண்டு, பக்கவாட்டில் தள்ளி நிற்கும் ஒருவரைப் பின் விளக்குகளைப் பார்க்கச் சொன்னால் போதும். ஒரு பக்க விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் பல்பு போயிருக்கும். லீவர் சிக்கியதற்கு அது காரணம் அல்ல. இடது, வலது, மேலே உள்ளது என மூன்றும் சேர்ந்தாற்போல் இருண்டிருந்தால் சுவிட்சையோ ஃபியூஸையோதான் பார்க்க வேண்டும். சில கார்களில் ஹாரனுக்கும் பிரேக் விளக்குக்கும் ஒரே ஃபியூஸ். அவற்றில் ஹாரனும் ஒலிக்காவிட்டால் பாதி விடை கிடைத்த மாதிரி. டாஷ்போர்டு விளக்குகளே மங்கலாக எரிந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது. இதற்கும் சுவிட்சே காரணமாக இருப்பதுண்டு: மிதியோடு சுவிட்ச் தொடும் இடத்திலுள்ள ரப்பர் துண்டு வெப்பத்தில் பொடிந்து உதிர்ந்தால், காலை எடுத்த பிறகும் பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்து ராத்திரியோடு பேட்டரியைக் காலி செய்துவிடும்.

தூத்துக்குடிக்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கக் காரணம் உண்டு. ஊருக்கு ஒரு பக்கம் கடல், சுற்றிலும் உப்பளங்கள். காற்றில் வரும் உப்புத் துகள் எங்கே படிந்தாலும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் செம்பு முனைகள் பச்சை பூத்து, மின்சாரம் போகிற வழி கொஞ்சம் கொஞ்சமாக அடைபடும். முயல் தீவுக் கடலில் இறங்கிவிட்டு ஈரக் காலோடும் மணலோடும் காரில் ஏறினால், அந்த உப்பு மிதியடிக்குள்ளும் இறங்குகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. அதுபோன்ற வெள்ளத்தில் நின்ற கார் காய்ந்த பிறகு ஓடத்தான் செய்யும். இணைப்புகளில் பிடித்த அரிப்பு மாதங்கள் கழித்துத்தான் வெளியே தெரியும். இந்த சுவிட்ச் தேய்ந்து போவது எல்லா ஊரிலும் நடப்பதுதானே என்று ஒரு மெக்கானிக் கேட்கலாம். அது சரிதான். ஆனால் இங்கே புது சுவிட்ச் மாட்டுவதோடு நிறுத்தினால் கோளாறு திரும்பி வரும். அதில் வந்து சேரும் ஒயர் முனையையும், ஃபியூஸ் உட்காரும் இடத்தையும் சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

சின்ன சுவிட்ச் ஒன்றுக்காக முழுக் காரையும் கட்டிப்போடுவது என்ன நியாயம் என்ற கோபம் புரிந்துகொள்ளக்கூடியதே. இந்தப் பூட்டு வந்த கதை அதற்குப் பதில் சொல்கிறது. 1980களில் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் தாமாகவே சீறிப் பாய்கின்றன என்று புகார்கள் குவிந்தன. 1986ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அதை நாடு முழுக்கப் பரப்பியது. அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் பல கார்களை ஆராய்ந்து 1989ல் வெளியிட்ட அறிக்கை, பெரும்பாலான சம்பவங்களில் ஓட்டுநர்கள் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தது. கால் பிரேக்கில் இல்லாமல் லீவர் ‘பி’யை விட்டு வெளியேற முடியாது என்று ஆக்கிவிட்டால், வண்டியை எடுக்கும்போது அந்தத் தவறு நேரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். காருக்குள் விளையாடும் குழந்தை லீவரை இழுத்து வண்டியை உருளவிடும் ஆபத்தும் குறையும். 2008ல் கையெழுத்தான குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம், 2010 செப்டம்பர் முதல் தயாராகும் ஆட்டோமேட்டிக் கார்களுக்கு இந்தப் பூட்டை அங்கே கட்டாயமாக்கியது.

விளக்குகள் ஒழுங்காக எரிந்தும் லீவர் வராவிட்டால்? சரிவில் நிறுத்திய கார்தானா என்று பாருங்கள். ‘பி’யில் ஒரு இரும்பு நாக்கு கியர்பாக்ஸின் பல்சக்கரத்தில் விழுந்து பிடித்துக்கொள்கிறது. துறைமுகத்து லாரிக்காரர்கள் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டை, பாரம் ஏறிவிட்டால் உருவ வராது. இதுவும் அதே மாதிரிதான். சரிவில் நிறுத்தும்போது காலால் பிரேக் பிடித்தபடியே லீவரை ‘என்’ என்ற நியூட்ரல் நிலைக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலைத் தளர்த்தி வண்டியின் பாரத்தை அதில் இறங்கவிட்டு, மறுபடி பிரேக்கை மிதித்துப் பிறகு ‘பி’க்குப் போனால் இந்தச் சிக்கலே வராது. சமதரையிலும் சிக்கினால், பிரேக்கை அழுத்தும்போது லீவர் அருகே ‘டிக்’ என்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் மின்சாரம் பூட்டுவரை வருகிறது. நடுவில் விழுந்த சில்லறைக் காசோ, கொட்டிய டீயின் சர்க்கரைப் பிசுக்கோ, கேபிளோ காரணமாகலாம். வராவிட்டால் மின்காந்தமோ ஒயரோ. அதற்குக் கையேடும் மெக்கானிக்கும் வேண்டும்.

லீவருக்குப் பக்கத்தில் ஒரு சிறு மூடி பல கார்களில் இருக்கும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு, மூடியைத் திறந்து உள்ளே சாவியையோ ஸ்க்ரூ டிரைவரையோ அழுத்தினால் பூட்டு விலகும்; லீவரை ‘என்’னுக்குக் கொண்டுவரலாம். இதைக் கற்றுக்கொண்ட பலர் சுவிட்சை மறந்துவிட்டுத் தினமும் இப்படியே ஓட்டுகிறார்கள். சிலர் ஒயரைச் சேர்த்து முறுக்கி, பூட்டை நிரந்தரமாக ஏமாற்றவும் துணிகிறார்கள். இதைத்தான் கடுமையாக எதிர்க்க வேண்டியிருக்கிறது. கன்டெய்னர் லாரிகளும் உப்பு லாரிகளும் நெருக்கியடித்து வரும் துறைமுகச் சாலையில், முன்னே போகிற கார் பிரேக் போடுவது பின்னால் வருகிறவருக்குத் தெரியவில்லை என்றால் என்ன ஆகும்? லாரி நிற்கக் காரைவிட அதிகத் தூரம் வேண்டும். அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக வேண்டுமென்றால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கும் என் பதில், ஆட்டோவோ ஆம்புலன்ஸோ கூப்பிடுங்கள் என்பதுதான். அந்த மூடி இருப்பது, வழியை மறித்து நிற்கும் காரை ஓரமாகத் தள்ளிவிடவும் இழுவை வண்டியில் ஏற்றவும்.

எல்லாக் காருக்கும் இது பொருந்தாது. மாருதி செலெரியோ 2014ல் பரவலாக்கிய ஏஎம்டி (தானாக மாறும் மேனுவல் கியர்) வகைக் கார்கள் பலவற்றில் ‘பி’யே கிடையாது. 2025 ஆகஸ்ட் 4ல் சிலாநத்தம் சிப்காட்டில் திறக்கப்பட்ட வின்ஃபாஸ்ட் ஆலையிலிருந்து வருவது போன்ற மின்சாரக் கார்களில் ‘பி’யை மின்னணுக் கருவியே இயக்குகிறது. பொதுவாக அவ்வகைக் கார்களில் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், 12 வோல்ட் சிறு பேட்டரி செத்துவிட்டால் ‘பி’ விலகாது. திறந்து அழுத்த மூடியும் இருக்காது. பூட்டிய சக்கரங்களோடு கயிறு கட்டி இழுக்காமல், முதலில் அந்தச் சிறு பேட்டரிக்கு உயிர் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் அசையாவிட்டால், நான்கு சக்கரமும் தரையில் படாதபடி ஏற்றிச் செல்லும் தட்டு வண்டியைத்தான் வரச்சொல்ல வேண்டும்.