மீனுணவில் நுண்தாதுக்கள்

கட்லாவையும் ரோகுவையும் மிர்காலையும் ஒரே குளத்திலே சேர்த்து வளர்க்கும் பண்ணையாளர், அரிசித் தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் பிசைந்து காலைதோறும் இடும்போது, மீனின் தேகத்துக்கு வேண்டிய மாவும் புரதமும் கொழுப்பும் கிடைத்துவிட்டன என்று திருப்தி அடைவது இயல்பே. ஆனால், கிலோ தீவனத்துக்குச் சில மில்லிகிராம் அளவிலோ அதனினும் குறைவாகவோ இருந்துகொண்டு, அந்தப் புரதத்தையும் கொழுப்பையும் மீனுக்குப் பயன்படச் செய்கின்ற தாதுக்கள் சில அதிலே உண்டா, உண்டெனினும் அவை மீனின் ரத்தத்திலே போய்ச் சேருகின்றனவா என்பவை எளிதில் ஒருவர் மனத்தில் எழும் வினாக்கள் அல்ல.

நீரில் வாழும் பிராணிக்கு இதிலே ஒரு விசேஷம் உண்டு. சுண்ணாம்புச் சத்தை மீன் செவுளின் வழியாக நீரிலிருந்தே ஈர்த்துக்கொள்ளும். பாஸ்பரசுக்கோ பெரும்பாலும் தீவனத்தையே நம்பியிருக்கிறது. துத்தநாகம், செலினியம் போன்றவற்றிலும், நீர் தருவது மட்டும் விரைந்து வளரும் பண்ணை மீனுக்குப் போதுவதில்லை. கட்லா, ரோகு முதலிய கெண்டைக் குடும்பத்து மீன்களுக்கு இரைப்பையே கிடையாது. ஆகவே தாது உப்புகளைக் கரைக்கக்கூடிய அமிலம் சுரப்பதற்கும் அங்கே இடமில்லை. போதாக்குறைக்கு, தவிட்டிலும் புண்ணாக்கிலும் உள்ள பைட்டிக் அமிலம் துத்தநாகத்தைப் பற்றிக்கொண்டு குடலிலிருந்து வெளியே இழுத்துச் சென்றுவிடுகிறது. துத்தநாகம் குறைந்த டிரவுட் மீனின் கண்ணிலே புரை விழுகிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டபோது, தாது தீவனத்தில் இருப்பது வேறு, மீனுக்குக் கிட்டுவது வேறு என்பது தெளிவாயிற்று.

இவ்வகைத் தாதுக்களுள் செலினியத்தின் சரித்திரம் தனிச் சுவை உடையது. ஸ்வீடன் நாட்டு ரசாயன அறிஞர் பெர்சீலியஸ் 1817இல் கண்டறிந்த இந்த மூலகம், மண்ணிலே அது மிகுந்த இடங்களில் மேய்ந்த கால்நடைகளை நோய்க்கு ஆளாக்கியதால், நெடுங்காலம் விஷம் என்றே எண்ணப்பட்டு வந்தது. 1957இல் கிளவுஸ் ஷ்வார்ஸ் என்பவர், எலிகளின் ஈரல் அழுகிப்போவதை மிகச் சிறிதளவு செலினியம் தடுப்பதைக் காட்டியபின் அந்தக் கருத்து மாறத் தொடங்கியது. 1973இல் குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்னும் நொதியின் உள்ளீடாகச் செலினியம் அமைந்திருப்பது புலனாயிற்று. உயிரணுக்களில் பிராணவாயுவின் வினைகளால் உண்டாகும் பெராக்சைடுகள் உயிரணுவின் சவ்வைச் சிதைத்துவிடாமல் தணிப்பதே அந்நொதியின் தொழில். மீனின் தேகத்தில் எளிதில் சிதைவு அடையும் தன்மையுள்ள நிறைவுறாக் கொழுப்புகள் மிகுதி. நெருக்கமாக மீன் விட்ட குளத்திலே, விடியற்காலையில் பிராணவாயு குறைந்து மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும் வேளைகளும், வலை இழுத்துக் கலக்கும் வேளைகளும் அடிக்கடி நேரும்போது, இந்தக் காவல் நொதியின் தேவை இன்னும் அதிகமாகிறது.

அப்படியானால் சோடியம் செலினைட் என்னும் உப்பையே தீவனத்தில் கலந்தால் ஆகாதோ எனலாம். ஆகும், ஆனால் அது நீரில் எளிதில் கரைவது, தீவன உருண்டை குளத்தில் ஊறும்போதே ஒரு பகுதி வெளியேறிவிடக்கூடியது, அளவு சிறிது மிஞ்சினாலும் தீங்கு செய்வது. இங்கேதான் நானோ துகள் வருகிறது. ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பகுதி நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள துகள்களையே இப்பெயரால் வழங்குகிறார்கள். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர்தான்; அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாகப் பிரித்துவிட்டாலோ, எடை அணுவளவும் கூடாமல், மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டராகப் பெருகிவிடும். ஒரு பொருள் பிறவற்றோடு வினைபுரிவது அதன் மேற்பரப்பிலே ஆதலால், குடலின் சவ்வோடும் நொதிகளோடும் அதற்கு ஏற்படும் தொடர்பும் இதே வகையில் பெருகுகிறது.

செலினைட் கரைசலில் வைட்டமின் சி எனப்படும் அஸ்கார்பிக் அமிலத்தைச் சேர்த்தால், நிறமற்ற அந்த நீர் செந்நிறம் கொள்ளும். அந்தச் செந்நிறமே நானோ செலினியம் பிறந்ததற்கு அடையாளம். துகள்கள் ஒன்றோடொன்று கூடித் திரண்டுவிடாதபடி புரதம் போன்ற பொருளால் அவற்றைப் போர்த்துகிறார்கள். சாதாரணக் கெண்டைக்குக் கிலோ தீவனத்தில் 0.5, 1, 2 மில்லிகிராம் என மூன்று அளவுகளில் இதைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சியில், 1 மில்லிகிராம் பெற்றவையே சிறந்து வளர்ந்தன. இரட்டிப்பு அளவு இரட்டிப்பு நன்மை தரவில்லை. புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிலையத்தார் ரோகு மீனுக்கு நானோ இரும்பைக் கலந்து கொடுத்தபோது, ரத்தத்தின் குணங்களும் நோய் எதிர்ப்புச் சக்தியின் அளவீடுகளும் மேம்பட்டன. நோயுற்ற பின் மருந்து கொட்டுவதைவிட, நோயைத் தாங்கும் தேகத்தை முன்னரே வளர்ப்பது எவ்வளவோ மேல் ஆதலால், இம்முயற்சிகளை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். ஆயினும் இத்தகைய பரிசோதனைகளிற் பெரும்பாலானவை தொட்டிகளிலே சில வாரங்கள் நடந்தவை என்பதையும், குளத்து மீன் பல மாதங்கள் வாழ்வது என்பதையும் மறந்துவிடலாகாது.

எச்சரிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வானவில் டிரவுட் மீனுக்கு வேண்டிய செலினியம் கிலோ தீவனத்துக்கு 0.15 முதல் 0.38 மில்லிகிராம் வரையே. 13 மில்லிகிராம் அதற்கு விஷமாகிவிடுகிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாகாணத்தில் பெலூஸ் என்ற ஏரியிலே, 1970களில் அனல் மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் நீர் கலந்தபோது, ஏரி நீரில் லிட்டருக்குச் சுமார் 10 மைக்ரோகிராம் செலினியமே இருந்தது. எனினும் பாசியிலிருந்து பூச்சிக்கும் பூச்சியிலிருந்து மீனுக்கும் ஏறி, தாய்மீனின் முட்டையிலும் புகுந்து, குஞ்சுகளின் முதுகெலும்பைக் கோணச் செய்து, அங்கிருந்த 20 மீனினங்களில் 19ஐ இல்லாமற் செய்துவிட்டது.

நானோ வடிவம் இந்த அபாயத்தைப் போக்கிவிடும் என்று சிலர் நம்பியதற்கு, எலிகளிடத்தே அது செலினைட்டைவிடக் குறைந்த தீங்கே செய்தது ஆதாரமாக இருந்தது. ஆனால் ஜப்பானிய மெடாக்கா மீன்களை நானோ செலினியம் கலந்த நீரிலே விட்டுப் பார்த்தபோது, அவற்றின் உடலில் அது செலினைட்டைக் காட்டிலும் மிகுதியாகச் சேர்ந்து, செலினைட்டைக் காட்டிலும் அதிகத் தீங்கு விளைவித்தது. எலிக்குப் பொருந்திய பிரமாணம் மீனுக்குப் பொருந்தவில்லை. வாயின் வழியே உண்ட துகளும் செவுளைச் சூழ்ந்த துகளும் ஒரே விதமாக நடப்பதில்லை. மீன் உண்ணாமல் விட்ட தீவனமும் அதன் கழிவும் குளத்து நீரிலும் சேற்றிலுமே போய்ச் சேருகின்றன என்பதை எண்ணினால், இந்த வேறுபாட்டின் முக்கியத்துவம் விளங்கும்.

எனவே, தாதுத் தூளை வாங்குவதற்கு முன் பண்ணையாளர் செய்யவேண்டிய முதற்காரியம், தாம் இப்போது இடும் தீவனத்தில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் அளந்து அறிவதாகும். கடல் மீன் தூளில் செலினியம் இயற்கையிலேயே நிறைய உண்டு. அது தாராளமாகச் சேர்ந்த தீவனத்துக்கு மேலும் சேர்ப்பது வீண் செலவு மட்டுமன்று, ஆபத்தும் ஆகும். தவிட்டையும் புண்ணாக்கையுமே நம்பிய குளங்களில், அதிலும் அவை விளைந்த மண்ணே செலினியம் குன்றியதாக இருக்குமானால், இந்த நுண்துகள்கள் உண்மையில் பயன்படும்.