எல்லா உதறலும் வலிப்பு அல்ல

ஒன்றரை வயதுக் குழந்தை. போன வாரம்வரை வீடெல்லாம் ஓடித் திரிந்தது. இன்று நிற்க வைத்தால் தள்ளாடி உட்கார்ந்துவிடுகிறது. பால் டம்ளரைப் பிடிக்க நீட்டிய கை வெடுக்வெடுக்கென்று உதறுகிறது. அம்மாவை எல்லாவற்றையும்விடக் கலங்கடிப்பது கண்கள்தான். இரண்டு கருவிழிகளும் ஒருசேர மேலும் கீழும் பக்கவாட்டிலும் நிலைகொள்ளாமல் துள்ளுகின்றன. தூக்கத்தில்கூட மூடிய இமைக்குள் அந்தத் துள்ளல் தெரிகிறது.

"ஃபிட்ஸ் வந்துடுச்சு" என்று வீடே பதறும். ஆனால் குழந்தைக்கு நினைவு தப்பவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறது. மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இஇஜி எடுத்துப் பார்த்தாலும் வலிப்புக்கான அலைகள் இல்லை.

இப்படிப்பட்ட ஆறு குழந்தைகளைப் பற்றி மார்செல் கின்ஸ்போர்ன் என்ற மருத்துவர் 1962-ல் எழுதினார். 'ஆடும் கண்கள், ஆடும் பாதங்கள்' என்று மருத்துவர்கள் இதைச் சொல்வதுண்டு. மிக அரிதான நோய். இது வரும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வயிற்றிலோ மார்பிலோ நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டி ஒளிந்திருக்கிறது. கட்டியை எதிர்க்கக் கிளம்பும் உடலின் நோய் எதிர்ப்புப் படை, ஆள் தெரியாமல் மூளையையும் தாக்கிவிடுகிறது. அந்தத் தாக்குதலில் முக்கியமாக அடிபடுவது சிறுமூளை என்று கருதுகிறார்கள்.

பிடரிக்கு மேலே, பெருமூளைக்கு அடியில் ஒதுங்கிக் கிடக்கும் சிறுமூளை, மொத்த மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மனித மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி இங்கேதான் இருக்கின்றன. அவற்றில் பெரியவை, செக் அறிஞர் யான் புர்கின்யே 1837-ல் விவரித்த, அவர் பெயராலேயே அழைக்கப்படும் அணுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் வழியே செய்தி வருகிறது. அத்தனையையும் கேட்டுவிட்டு அது வெளியே அனுப்பும் செய்தி ஒன்றே ஒன்று: 'அடங்கு'.

அசைவுக்கு நேர்த்தி தருவது இந்த அடக்கம்தான். டம்ளரை நோக்கிப் போகும் கை எங்கே வேகம் குறைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சிறுமூளை நொடிக்கு நொடி திருத்துகிறது. அது பழுதானால், மடியில் கிடக்கும்போது சும்மா இருக்கும் கை, டம்ளரை நெருங்க நெருங்க அதிகமாக நடுங்கும். மருத்துவர் விரலை நீட்டித் தொடச் சொல்லிப் பார்ப்பது இதற்காகத்தான்.

அப்படியானால் உண்மையான வலிப்புக்கும் சிறுமூளைக்கும் தொடர்பே இல்லையா? வலிப்பு பெருமூளையின் புறணியில் கிளம்புவது, சிறுமூளையில் அது பிறக்காது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1996-ல் வெளியான ஓர் ஆய்வறிக்கை அந்த நம்பிக்கையை அசைத்தது. ஒரு கைக்குழந்தைக்கு முகத்தின் ஒரு பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டது. காரணம், சிறுமூளையில் இருந்த ஒரு கட்டி. அறுவையின்போது கட்டிக்குள்ளேயே மின்முனை வைத்துப் பார்த்தபோது, வலிப்பு அங்கிருந்துதான் கிளம்பியது. கட்டியை அகற்றியதும் இழுப்பு நின்றது.

வலிப்பை அடக்கவும் சிறுமூளை உதவுமா என்ற கேள்வி இன்னும் பழையது. நியூயார்க்கில் இர்விங் கூப்பர் 1970-களில் சிறுமூளையின் மேல் மின்முனைகளைப் பொருத்தித் தூண்டிப் பார்த்தார். பலன் கிடைத்தது என்றார். பின்னால் கறாராக நடந்த சிறு சோதனைகள் அதை உறுதிசெய்யவில்லை. 2014-ல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள், வலிப்புள்ள எலிகளின் சிறுமூளை அணுக்களை ஒளியால் தூண்டி, வலிப்பைப் பாதியிலேயே நிறுத்திக் காட்டியதும் நம்பிக்கை மறுபடி துளிர்த்தது.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின் மருந்து அளவு மிஞ்சினால் சிறுமூளையைத்தான் பாதிக்கும். தள்ளாட்டமும் கண் ஆட்டமும் வரும். நோய் முற்றிவிட்டதாக எண்ணி நாமாக மாத்திரையைக் கூட்டுவதும் ஆபத்து, பயந்து சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும்.

குழந்தை உதறும்போது நம் வீடுகளில் இன்னும் சாவிக்கொத்தைத்தான் தேடுகிறார்கள். இரும்பால் ஒரு பயனும் இல்லை. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அருகில் இன்னொருவர் இருந்தால் செல்போனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். உதறல் ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? கூப்பிட்டால் திரும்புகிறதா? கண்கள் என்ன செய்கின்றன? மருத்துவர் முன்னால் போய் உட்காரும் நேரத்தில் பெரும்பாலும் உதறல் நின்றிருக்கும். அந்த ஒரு நிமிடப் படம் மட்டுமே சாட்சி. துள்ளும் கண்களை அதில் பார்க்கிற மருத்துவர், மூளையோடு நிற்காமல் வயிற்றையும் ஸ்கேன் செய்யச் சொல்வார்.