மௌனம் சாதிக்கும் ஸ்போட்ஸ் கார்

கார் புறப்பட மறுக்கும் வேளையில், பெரும்பாலும் அதன் சொந்தக்காரரின் நிதானம் முதலிற் புறப்பட்டுப் போய்விடுகிறது. திறப்பை மீண்டும் மீண்டும் திருகுகிறார்; அக்ஸிலேற்றரை மிதிக்கிறார்; பற்றரி இறங்கும்வரை இம்முயற்சி நடைபெறும். பின்னர் அயலவர் கூடுவர். ஒருவர் பிளக் என்பார். ஒருவர் கொயில் என்பார். மூன்றாமவர் தம் மைத்துனரின் காருக்கும் இதே வருத்தம் வந்ததென்று ஒரு கதையைத் தொடங்குவார். நல்ல வைத்தியர் நோயாளியை விசாரிப்பதுபோலக் குறிகளை வரிசையாகக் கேட்டறிந்து, இஃது இருக்கலாம், இஃது இருத்தல் இயலாது என்று ஒவ்வொன்றாக விலக்கிச் செல்வோர் மிகச் சிலர்.

சாதாரணக் காராயின் இக்குழப்பத்துக்கு ஓர் எல்லை உண்டு. தொழிற்சாலை வெளியிட்ட கைந்நூலைத் திறந்தால் எந்தக் கம்பி எங்கே போகிறது, எந்த இடைவெளி எத்தனை அங்குலம் என்பன எல்லாம் அச்சிற் கிடக்கும். ஆனால், ஒருவர் தம் விருப்பத்துக்கேற்ப மாற்றியமைத்த காருக்கு அந்நூல் பாதி உண்மையையே சொல்லும். மற்றப் பாதி, மாற்றியவரின் நினைவில் மாத்திரம் இருக்கும். கார் இரண்டு மூன்று கை மாறிவிட்டால் அந்த நினைவும் இல்லை. ஆகவே, இத்தகைய காரை நோக்கிக் கேட்கவேண்டிய முதற்கேள்வி, “என்ன பழுது?” என்பதன்று, “இதில் எவையெல்லாம் மாற்றப்பட்டுள்ளன?” என்பதேயாம்.

உதாரணத்துக்கு எம்.ஜி.பி. என்னும் ஆங்கிலேய ஸ்போட்ஸ் காரை எடுத்துக்கொள்வோம். ஒக்ஸ்போட் நகருக்கு அண்மையிலுள்ள அபிங்டனில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் இப்பெயரில் உருவாகின. பழுதுபார்க்க எளியது, பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. எனவே, இதனைப் பிரித்துப் பூட்டி மாற்றுவதில் இன்பங் காண்போர் இங்கிலாந்திற் பலர். இதன் எஞ்சின் நம்மவருக்கு அந்நியமானதன்று. யாழ்ப்பாணத்து வீதிகளில் நெடுங்காலம் ஹயர் காராக ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ-55 காரின் 1489 கன சென்ரிமீற்றர் எஞ்சினும், எம்.ஜி.பி.யின் 1798 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று கலியாண வீட்டுக்கும் ஆசுபத்திரிக்கும் ஆட்களை ஏற்றிய மூத்த சகோதரன். மற்றையது காற்றில் தலைமயிர் பறக்க ஓடித்திரிந்த இளையவன்.

எஞ்சின் உயிர்பெற வேண்டுமாயின், உருளையினுள் பெற்றோலும் காற்றும் உரிய அளவிற் கலந்து செல்லவேண்டும். அக்கலவை போதிய அளவு அமுக்கப்படவேண்டும். உரிய கணத்தில் வலுவான தீப்பொறி விழவேண்டும். இவை அனைத்துக்கும் முன்னதாக, ஸ்ராட்டர் மோட்டார் எஞ்சினைத் தகுந்த வேகத்திற் சுழற்றவேண்டும். இவற்றில் எது குறைகிறது என்பதைக் கண்டபின்னரே ஸ்பானரைத் தொடுவது முறை. மாற்றியமைத்த காரிலோ இக்கேள்விகள் ஒவ்வொன்றிலும் ஒரு பொறி வைக்கப்பட்டிருக்கிறது.

எஞ்சினைக் கழற்றிப் புதுப்பித்துப் பூட்டியவர் அதனையும் வண்டியின் உடலையும் இணைக்கும் தடித்த பின்னற் கம்பியை மறந்துவிடுவதுண்டு. எஞ்சினோ இறப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்திருக்கிறது. இறப்பர் மின்னைக் கடத்தாது. பாவம், ஸ்ராட்டருக்குரிய பெருமின்னோட்டம் வேறு வழியின்றிச் சோக் கம்பியின் ஊடாகப் பாயும். ஸ்ராட்டர் முனகும், சோக் கம்பியோ தொடமுடியாதபடி சுடும். சிலவேளை புகையும் எழும். பற்றரி பழுதென்று புதியது வாங்கிப் போட்டால் புகை கூடுமேயன்றிக் குறையாது.

காபுரேற்றர் விடயத்திற் பழக்கமே பகையாகிறது. எம்.ஜி.பி.யில் வந்த இரட்டை எஸ்.யு. காபுரேற்றர்களில், மிதிக்குந்தோறும் பெற்றோலைப் பீச்சும் பம்பு இல்லை. நின்றுகொண்டிருக்கும் எஞ்சினில் அக்ஸிலேற்றரை எத்தனை முறை மிதித்தாலும் பயனில்லை, சோக்கை இழுக்கவேண்டும். அவற்றைக் கழற்றிவிட்டு வெபர் காபுரேற்றரைப் பூட்டியவரின் காரிலோ ஒவ்வொரு மிதிக்கும் பெற்றோல் பீச்சப்படும். ஆத்திரத்துடன் பத்து முறை மிதித்தால் பிளக்குகள் நனைந்து, பொறியே எழாது. வேகத்துக்காக வேறு காம் தண்டைப் பூட்டியவரின் எஞ்சினில், உள்ளெடுக்கும் வால்வு தாமதித்து மூடுவதால், மெதுவாகச் சுழலும்போது அமுக்கம் கைந்நூலிலுள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அதனைக் கண்டு எஞ்சின் தேய்ந்துவிட்டதென்று தீர்ப்பளித்தல் அநியாயம். கள்வருக்குப் பயந்து முந்திய சொந்தக்காரர் ஆசனத்துக்கடியில் ஒளித்துவைத்த இரகசிய சுவிச்சும் உண்டு. அதுபற்றி அறியாத புதியவர் முழங்கால் தட்டி அதனை அணைத்துவிட்டு, மாதக்கணக்காக எஞ்சினைக் குடைவார்.

பெற்றோல் வந்து சேருகிறதா என்பதை அறிவது எம்.ஜி.பி.யில் எளிது. பின்புறத்திலுள்ள மின்பம்பு, திறப்பைத் திருகியதும் “டக் டக்” என்று சில முறை ஒலித்து, காபுரேற்றர் நிரம்பியதும் அடங்கும். ஒலியே இல்லையெனில் பம்புக்கு மின் இல்லை, அல்லது அதன் பொயின்றுகள் கருகியிருக்கின்றன. ஒலி ஓயாவிடிற் பெற்றோல் எங்கோ கசிகிறது, அல்லது தாங்கி வெறுமையாய் இருக்கிறது. கசிவு எனின், வேறெதையும் பார்க்குமுன் பற்றரியைக் கழற்றிவிடுக. காபுரேற்றருக்குள் கையாற் பெற்றோலை ஊற்றிக்கொண்டே எஞ்சினைச் சுழற்றுவோருக்கு ஒரு வார்த்தை: எஞ்சின் எதிர்வெடி வெடித்தாற் சுவாலை அவ்வழியே முகத்துக்கு வரும்.

நம் நாட்டில் இந்த ஊற்றும் வித்தையை அறியாதார் யார்? 1990 ஆம் ஆண்டுக்குப் பின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்குக் கீழே தீப்பற்றத்தக்க அளவு ஆவியைத் தருவதில்லை; பெற்றோலோ உறைகுளிரிலும் தரும். எனவே சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குட் செலுத்தி எஞ்சினை எழுப்பி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாறினர். எஞ்சினை எழுப்புவது வேறு, ஓட்டுவது வேறு என்பதை அன்றைய சாரதிகள் எந்த நூலுமின்றி அறிந்துகொண்டார்கள்.

அவர்களில் ஒருவர் என் பெரியப்பா. ஏ-55 ஹயர் காரை நெடுங்காலம் ஓட்டியவர். அவருடைய மகன், எனக்கு அண்ணன் முறையானவர், இலண்டனிற் குடியேறி, 1966 ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ஒன்றை வாங்கிப் பல மாற்றங்கள் செய்திருந்தார். முந்திய கோடை முழுவதும் நன்றாக ஓடிய கார், ஈரக் குளிர்காலம் கராஜில் நின்றபின், ஏப்பிரிலில் எழ மறுத்துவிட்டது. நான் ஓகஸ்ட் விடுமுறையில் அங்கே சென்றபோது நான்கு மாதங்கள் கடந்திருந்தன. கொயில், பிளக்குகள், அவற்றின் கம்பிகள் யாவும் புதியன. பொயின்றுகளுக்குப் பதிலாகப் பூட்டிய இலத்திரனியற் கருவி இரண்டாவது முறையாக மாற்றப்பட்டிருந்தது. பல நூறு பவுண் செலவு. அண்ணனின் மனைவியார் அத்தொகையைப் பிள்ளைகளின் செலவோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாதிருந்ததே வீட்டிற் பாரமாக இருந்தது. காரை உதிரிப் பாகங்களுக்காக விற்பதென்று முடிவாகி, வாங்குபவர் சனிக்கிழமை வருவதாக இருந்தது.

பெரியப்பா எண்பதை எட்டியவர். மகனோடு வாழ வந்து இரண்டாண்டுகள். அந்தக் காரின் மூடியைத் திறந்து பார்த்தவர், பொயின்றுகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கட்டியைக் கண்டதும், “உது எனக்குத் தெரியாத சாமான்” என்று விலகிவிட்டாராம். வியாழக்கிழமை மாலை நாங்கள் மூவரும் கராஜில் நின்றோம். ஸ்ராட்டர் நன்றாகச் சுழற்றியது. பம்பு ஒலித்து அடங்கியது. பிளக்கைக் கழற்றி எஞ்சினிற் பொருத்திப் பார்த்தால், நீலமாய்ச் சுடர்விட வேண்டிய பொறி மங்கிய செம்மஞ்சளாய் ஒன்றிரண்டு முறை தோன்றி மறைந்தது. அண்ணன் கொயிலுக்கு வரும் வெள்ளைக் கம்பியைக் கழற்றி, இலக்கமுறை மீற்றரை வைத்தார். 12.4 உவோற்று. “மின் சரியாக வருகிறதே!” என்றார், நான்கு மாதமாகச் சொன்னதும் இதனையே.

பெரியப்பா கேட்டார்: “தம்பி, பழைய பிறேக் லைற் பல்பு ஒண்டு இருக்கோ? ரெண்டு துண்டு வயரும் தா.”

21 உவாற்றுப் பல்பு. பற்றரியில் வைத்தார், கண் கூசியது. வெள்ளைக் கம்பியில் வைத்தார். பல்பினுள் இழை மட்டும் சிவந்து சோர்ந்தது. மீற்றரோ மீண்டும் 12.4 என்றே காட்டியது.

“மீற்றர் ருசிதான் பாக்குது, தம்பி. பல்பு சாப்பிடும்.”

பௌதிகம் கற்பிப்பவன் இதனைவிடச் சுருக்கமாக ஓமின் விதியைச் சொல்லக் கேட்டதில்லை. அத்தகைய மீற்றரின் உட்டடை ஏறத்தாழ ஒரு கோடி ஓம். அது கம்பியிலிருந்து எடுக்கும் மின்னோட்டம் ஓர் அம்பியரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்களவே. வழியில் 3 ஓம் தடையுள்ள கெட்ட இணைப்பு இருந்தாலும் அவ்வளவு சிறிய ஓட்டத்தில் அழுத்தம் குறைவது தெரியாது. கொயிலின் பசியோ பெரிது. அதன் முதற்சுருள் ஏறத்தாழ 3 ஓம். 12 உவோற்றில் 4 அம்பியர் கேட்கும். வழியில் இன்னுமொரு 3 ஓம் இருந்தால் 2 அம்பியரே பாயும். கொயிலுக்குக் கிடைப்பது 6 உவோற்று. சுருளிற் சேமிக்கப்படும் சக்தி மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாதலின், பொறியின் வலு நாலில் ஒன்றாகிவிடும். எஞ்சினைச் சுழற்றும் வேளையிற் பற்றரியே 10 உவோற்றுக்கு இறங்க, நிலைமை இன்னும் மோசம். இலத்திரனியற் கருவியும் போதிய அழுத்தமின்றி மயங்கிவிடும். குற்றமற்ற இரு கருவிகள் குப்பைக்குப் போனது இப்படித்தான்.

இனிப் பின்னோக்கி நடப்பதே வேலை. திறப்புச் சுவிச்சில் பல்பு நன்றாக எரிந்தது. எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் மானிக்கு முன்னும் எரிந்தது. அதற்குப் பின்னே மங்கியது. மானியின் முதுகுப்புறத்தில், ஒட்டுநாடா சுற்றிய ஒரு முறுக்கு. நாடாவை உரித்தபோது செம்பு பச்சை பூத்துக் கிடந்தது.

காரணம் அப்போது அண்ணனுக்கு விளங்கிற்று. 1966 இல் எம்.ஜி.பி.க்குப் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டிலேதான் தொழிற்சாலை மறைமுனைக்கு மாறியது. புதிய இலத்திரனியற் கருவி மறைமுனை உடலோடு இணைந்திருக்க வேண்டுமென்று கேட்டதால் அண்ணன் முழுக் காரையும் மாற்றினார். அக்காலத்து மானி, கொயிலுக்குச் செல்லும் மின்னோட்டத்தை உணர்ந்தே சுழற்சியைக் காட்டும். எனவே மின்முனை மாறும்போது மானியின் உள்ளிணைப்புகளையும், அதனூடாகச் சுற்றிச் செல்லும் வெள்ளைக் கம்பியின் திசையையும் மாற்றவேண்டும். அதையும் தவறாது செய்தார். கம்பி சிறிது எட்டாமற் போகவே துண்டொன்றை முறுக்கி இணைத்து நாடா சுற்றினார். கைந்நூலின் வரைபடத்தில் அந்த முறுக்கு இல்லை. பழுது தேடிய ஒவ்வொருவரும் கொயிலிலிருந்து பிளக்குவரை தேடினரேயன்றி, கொயிலுக்கு முந்திய வழியை மீற்றரின் சாட்சியத்தை நம்பிக் கைவிட்டுவிட்டனர்.

கம்பியைச் சுரண்டி, ஈயம் பற்றவைத்து, உறையிட்டோம். பத்து நிமிட வேலை. மூன்றாம் சுழற்சியில் எஞ்சின் இருமியது, ஐந்தாவதிற் பிடித்துக்கொண்டது. பெரியப்பா எண்ணெய் அமுக்கத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு, வெளியே சென்று புகையின் நிறத்தைப் பார்த்தார். பின்பு அண்ணனிடம் ஒரு கொப்பி வாங்கி, தொழிற்சாலை வைத்த கம்பிகளை நீல மையிலும், மகன் மாற்றியவற்றைச் சிவப்பு மையிலும் வரையும்படி என்னைப் பணித்தார். இரண்டு பக்கம் சிவப்பே வந்தது. அக்கொப்பி இப்போது காரின் கையுறைப் பெட்டியிற் கிடக்கிறது.

சனிக்கிழமை வந்தவர் எஞ்சின் ஓடுவதைக் கேட்டுவிட்டு, பாகங்களின் விலையை மறந்து முழுக் காரின் விலை பேசத் தொடங்கினார். அண்ணன் மனைவியைப் பார்த்தார். அவர் தேநீர் கொண்டுவந்து கொடுத்து, கார் விற்பனைக்கில்லை என்று வந்தவரிடம் தாமே சொல்லிவிட்டார்.